கொடுமுடி தந்த கோகிலம்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)

 

நாயன்மாரையும் நாவலர் பெருமானையும் பற்றிப் பேசிப் பழகிய இம்மேடையில் ஒரு நாடக நடிகையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணத்தைப் பற்றியும் சிறிது பேசவே வந்திருக்கிறேன்.

ஔவைப் பிராட்டியார் என்றதும் நம்மில் பலருடைய கண்முன் தோன்றும் வடிவம் எது? 1953ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட 'ஔவையார்' படத்திலே கோலூன்றி நடந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வடிவமே அது. திருவிழாக் காலங்களில் ஒலிபெருக்கி வழியே நம் கோயில் வீதிகளை நிறைக்கும் முருகன் பாட்டுக்கள் சிலவும் அவர் பாடியவையே. அக்குரலுக்கு நம் கோயில் வீதியில் இடம் கொடுத்துவிட்டோம். அக்குரலுக்கு உரியவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் அறிந்துகொள்வது முறையன்றோ?

கொங்கு நாட்டிலே காவிரிக் கரையில் உள்ளது கொடுமுடி. தேவார மூவரும் பாடிய தலம்; சுந்தரமூர்த்தி சுவாமிகள் நமச்சிவாயத் திருப்பதிகம் அருளிய தலம். அவ்வூரில் 1908ஆம் ஆண்டு பாலாம்பாள் என்னும் அம்மையாரின் மகளாகச் சுந்தராம்பாள் பிறந்தார். குடும்பத்தை வறுமை வாட்டியது. குருவின் வீட்டில் இருந்து முறையாகச் சங்கீதம் பயிலும் பாக்கியம் அக்குழந்தைக்கு ஏது? ஓடும் புகையிரதத்தில் பாடி, பயணிகள் இடும் காசைக் கொண்டு தாய்க்கு உதவிய குழந்தை அது. பாட்டு அவருக்குக் கலையாவதற்கு முன்னே சோறாக இருந்தது.

அப்படிப் பாடியபோது அக்குரலைக் கேட்டவர் எப். ஜி. நடேச ஐயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஐயர் புகையிரத இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபாவைத் தோற்றுவித்தவர். தாமே மேடையேறி நடித்தவர். பின்னாளில் எம். கே. தியாகராஜ பாகவதர் எனப் புகழ்பெற்ற சிறுவனை 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவரும் இவரே. காசு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர்கள் அந்த வண்டியிலே எத்தனை பேர் இருந்திருப்பர்! காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர். அந்த ஒருவரால் ஒரு வாழ்வு திரும்பியது.

குழந்தை வேலு நாயரின் நாடகக் கொம்பனியிற் சேர்ந்தது. கிடைத்த வேடம் எது தெரியுமா? 'நல்லதங்காள்' நாடகத்திலே பசியால் அழுது பாடும் மூத்த பிள்ளை. பசியை நடித்துக் காட்ட அக்குழந்தைக்கு ஆசிரியர் வேண்டியிருந்திருக்குமா? சபை உருகியதில் வியப்பொன்றுமில்லை.

அக்காலத்து மேடையை இன்றைய இளைஞர் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். ஒலிவாங்கி கிடையாது. ஹார்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் முழங்க, கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடவேண்டும். இரவு தொடங்கிய நாடகம் விடியற்காலையில் முடியும். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் இன்னும் கடினம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையே இல்லாமல் மேடையிற் சந்திப்பார்கள். பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்திற்குத் தர்க்கம் அங்கேயே பிறக்கவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த இந்த இசைநாடக மரபிலேதான் சுந்தராம்பாளின் குரல் உரம் பெற்றது.

அவ்வாழ்வின் பெருந்திருப்பம் நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்திற்கும் வந்து ஆடிய காலம் அது. 1926ஆம் ஆண்டளவில் சுந்தராம்பாள் கொழும்பிலே நடித்துக்கொண்டிருந்தபோது, செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் இங்கு வந்தார். அவர் 1906இற் பிறந்தவர்; எட்டாத சுருதியிலே இழைத்துப் பாடும் குரலுக்குப் பெயர்போனவர். 'வள்ளி திருமணம்' நாடகத்திலே அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் நின்றபோது கொழும்புத் தமிழர் திரண்டனர். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு முன்னரே ஒரு மனைவி உண்டு. இன்பமும் பிணக்கும் பிரிவும் கலந்த அந்த வாழ்வு நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆந் தேதி, இருபத்தேழே வயதிற் கிட்டப்பா மறைந்தார். அம்மையாருக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அன்றுமுதல் வெள்ளுடை உடுத்தார். இனி எந்த ஆடவருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை எனச் சபதம் பூண்டு, இறுதிவரை காத்தார். மீண்டும் கலையுலகுக்கு வந்தபோது அவர் ஏற்ற பெரிய வேடம் திருநாளைப்போவார் நாயனார் வேடம். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு இலட்சம் ரூபா. அந்நாளில் அது கேட்டறியாத தொகை. சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார்.

அன்பர்களே, இங்கே சிறிது நிற்போம். தில்லையைக் காணமாட்டேனா என்று உருகிய நந்தனாராக அம்மையார் பாடியதைக் கேட்டு மக்கள் கண்ணீர் விட்டனர். ஆனால், மதுரை மீனாட்சி கோயிலின் கதவு நந்தனாரின் இனத்தாருக்குத் திறந்தது 1939இலேதான். நம் நிலை என்ன? இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே அடியார் சிலர் தடுக்கப்பட்டு நின்றனர். நந்தனார் சரித்திரத்தை விரும்பிக் கேட்ட ஊர்தான் நமதும்! பாட்டுக்கு உருகும் நெஞ்சம், பாட்டின் பொருளுக்கு ஏன் உருகவில்லை?

நடிகரை நாம் நடத்திய விதமும் இப்படிப்பட்டதே. 'கூத்தாடி' என்பது நம் ஊரில் வசைச்சொல். விடிய விடிய 'மயான காண்டம்' பார்த்து, அரிச்சந்திரனாக நின்ற நடிகமணி வி. வி. வைரமுத்துவுடன் (1924–1989) சேர்ந்து அழுவோம். விடிந்ததும் தம் பிள்ளை நாடகத்திற்குப் போகிறேன் என்றால் சீறுவோம். சுந்தராம்பாள் 1951இல் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்தார், 'துணைவன்' படப் பாடல்களுக்காக 1969ஆம் ஆண்டுக்கான தேசிய விருதையும், 1970இற் பத்மஸ்ரீ பட்டத்தையும் பெற்றார், 1980இல் மறைந்தார். இத்தனை சிறப்பும் வந்தபின் வணங்குவது எளிது. புகையிரதத்தில் பாடிய குழந்தையை மதிப்பதே அரிது.

ஆகவே மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன். நவராத்திரிக்கு நாம் நடத்தும் பண்ணிசைப் போட்டிக்குக் கட்டணமும் வேண்டாம், சிபாரிசும் வேண்டாம். எந்தத் தெருப் பிள்ளை, யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியும் வேண்டாம். பரிசு பெறும் பிள்ளை ஏழையாயின், ஓராண்டு சங்கீதம் கற்கும் செலவை மன்றம் ஏற்கட்டும். பெரியோர்கள் மனம் வைத்தால் இஃது இந்த ஆண்டே ஆகக்கூடிய காரியம். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று பணம் சேர்க்க ஆயத்தமாக இருக்கிறோம்.

குரல் எந்தக் குடிசையிலும் பிறக்கும். கேட்பதற்கு ஒரு நடேச ஐயர் வேண்டும். அந்த இடத்தில் நம் மன்றம் இருக்கட்டும் என்று கூறி அமர்கிறேன்.