பெட்ரோல் தொட்டியின் துருவும் அதைப் போக்கும் முறையும்



வங்காளத்து உத்தரபாராவில் செய்யப்பட்டு வந்த அம்பாஸடர் மோட்டார் வண்டியின் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகள் பல இன்னும் ஓடுகின்றன. வேறு பல கொட்டகைகளில் வருஷக்கணக்காய் நிற்கின்றன. அப்படி நின்ற வண்டியை மீண்டும் கிளப்பினால், சிறிது தூரம் சென்றதும் இஞ்சின் திணறி நிற்பதுண்டு. கார்புரேட்டரைச் சுத்தம் செய்தால் இரண்டொரு நாள் ஓடும். பிறகு பழையபடியே நின்றுவிடும். பல சமயங்களில் குற்றம் கார்புரேட்டரில் இல்லை. தொட்டியின் உட்புறத்துத் துரு பொடியாகிக் குழாய் வழியே வந்து அடைப்பதே காரணமாகும்.

தொட்டி மெல்லிய எஃகுத் தகட்டாலானது. அது பாதி காலியாக நின்றால், உள்ளிருக்கும் காற்று பகலில் விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கி ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் தகட்டில் முத்தாகப் படிந்து நீராகும். நீர் பெட்ரோலைவிடக் கனமானதாகையால் அடியில் தங்கித் துருவை வளர்க்கும். இந்தியாவில் பெட்ரோலுடன் கலக்கப்படும் எத்தனால் 2022-ல் நூற்றுக்கு 10 பங்காகவும், 2025-ல் 20 பங்காகவும் உயர்ந்தது. எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுள்ளது. நீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து, பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

தொட்டியைச் சீர்திருத்துவோர் அதிலிருந்து மூன்றை இந்த வரிசைப்படியே வெளியேற்ற வேண்டும். முதலாவது ஆவி, இரண்டாவது துரு, மூன்றாவது ஈரம். இவை நீங்கிய பின்னரே உட்பூச்சுக் கொடுக்கலாம். வரிசை தவறினால் பொருள் நஷ்டம் மட்டுமன்றி, உயிர்ச் சேதமும் நேரக்கூடும்.

நிறைந்த தொட்டியைக் காட்டிலும் வடித்த தொட்டியே அபாயகரமானது. எரிவது திரவமன்று, அதன் ஆவியே. காற்றில் நூற்றுக்குச் சுமார் ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை ஆவி கலந்திருந்தால், ஒரு சிறு பொறியால் தொட்டி வெடிக்கும். ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவித் தூரத்து அடுப்பையும் எட்டும். ஆகையால் பாட்டரியின் இணைப்பை முன்னதாகவே கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பெட்ரோலை வடித்து, மூடியுள்ள தகர டின்னில் வைக்க வேண்டும். அருகில் பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் ஆகாது. தொட்டியைக் கழற்றி, சோப்பு நீரால் பலமுறை அலசி, வாய்களைத் திறந்தபடி சில நாள் காற்றாட விட வேண்டும். வாசனை இல்லையென்பதைக் கொண்டு ஆவி இல்லையென்று நம்பலாகாது. ஈயப்பற்று வைப்பதையும் வெல்டிங் செய்வதையும் தொழிலறிந்தவரிடமே விட வேண்டும்.

அடுத்தது துரு. பெட்ரோல் அளவு காட்டும் மிதவையையும் ரப்பர் பாகங்களையும் முதலில் எடுத்துவிட வேண்டும். தொட்டிக்குள் சிறிது நீரும் மெல்லிய இரும்புச் சங்கிலியும் இட்டு நன்றாகக் குலுக்கினால் தளர்ந்த துரு உதிரும். பிறகு லிட்டர் ஒன்றுக்கு 50 முதல் 100 கிராம் வரை சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, தொட்டி நிறைய ஊற்றி, சுமார் ஒரு நாள் வைக்கலாம். இடையிடையே பார்த்து வர வேண்டும். அப்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு உண்டாகுமாதலால், வாயை இறுக மூடாமலும் அருகில் நெருப்பு இல்லாமலும் பார்த்துக்கொள்வது அவசியம். கடுமையான ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு தகட்டையும் தின்றுவிடும், அதை விலக்குக. கையுறையும் கண்ணாடியும் அணிவது நலம். சில பழைய தொட்டிகளில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. ஆதலால் கழுவிய நீரைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

மூன்றாவது ஈரம். அமிலத்தை வடித்தவுடன் ஆப்பச்சோடாக் கரைசலாலும், பின்னர் நல்ல நீராலும் அலசி, தாமதமின்றி வெந்காற்றால் உலர்த்த வேண்டும். சுத்தமான எஃகு ஈரத்தோடு சில நிமிஷம் இருந்தாலும் மறுபடி சிவக்கும். மடிப்புகளிலும் குழாய் வளைவுகளிலும் நீர் ஒளிந்திருக்கும். அவ்விடங்களை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

நன்கு உலர்ந்த தொட்டிக்கே உட்பூச்சுப் பிடிக்கும். இரு பாகங்களாக வரும் எபாக்ஸிப் பூச்சு எத்தனாலைத் தாங்கக்கூடியதாவென்று பார்த்து வாங்க வேண்டும். தாங்காத பூச்சு உரிந்து, துருவைவிட மோசமாகக் குழாயை அடைக்கும். கலந்த பூச்சை உள்ளே ஊற்றி, எல்லாப் பக்கங்களிலும் படியும்படி தொட்டியை மெள்ளப் புரட்டி, மிச்சத்தை முழுதும் வடித்துவிட வேண்டும். குழாய்கள் அடைபடாதபடி காற்றூதுவது முக்கியம். செய்தவர் குறித்த நாட்கள் முழுதும் இறுக விட்டபின்தான் பெட்ரோல் ஊற்றலாம். ஊசித் துளைகளைப் பூச்சு மூடக்கூடும்; கிழிந்த மூட்டையும் அரித்துப்போன தகட்டையும் மூடாது. அத்தகைய தொட்டியை மாற்றுவதே தகும்.

தொட்டியைப் பூட்டியதும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்த்து, புதிய வடிகட்டி பொருத்த வேண்டும். சில நாள் ஓடியபின் வடிகட்டியைச் சோதித்தால் வேலையின் தரம் விளங்கும். வண்டியை நெடுநாள் நிறுத்துவோர் தொட்டியை நிறைத்து வைத்தால், ஈரக் காற்று புகுவதற்கு இடம் குறையும். இவ்வேலைக்கு வேண்டிய சாமான்கள் சொற்பமே. ஒரு வாரப் பொறுமையே பெரிது. அவசரப்பட்டு ஆவி நிற்கும் தொட்டியில் நெருப்புக் காட்டுபவனுக்கு இரண்டாம் முறை கிடையாது.