ஈயமும் ஆண்மையும்

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



சபையிற் பேசக் கூசும் பொருளொன்றை இன்று எடுத்துக்கொண்டோம். கூச்சத்தால் மறைக்கப்படும் நோயே நெடுநாள் நிலைக்கும். ஆதலின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி தன் ஓமோன்களால் ஆணின் விதைகளைத் தூண்டுகிறது. விதைகள் விந்தணுக்களையும் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோனையும் ஆக்குகின்றன. அந்த ஓமோன் குறைந்தாற் கபச்சுரப்பி மேலும் தூண்டும், மிகுந்தால் அடங்கும். ஈயம் இவ்வொழுங்கின் இரு முனைகளையும் தாக்கவல்லது. அது தூசியாய் மூச்சோடு செல்லும். கழுவாத கையால் உண்ணும் உணவோடும் செல்லும். எலும்பிற் படிந்து பல்லாண்டு தங்கும்.

றுமேனியாவின் பற்றறித் தொழிலாளரைப் பற்றி 1975 இல் வெளியான ஆய்வொன்று, ஈயம் ஏறிய ஆண்களின் விந்தணுக்கள் தொகை குறைந்தும், அசைவு குன்றியும், உருக்கெட்டும் இருந்தமையைக் காட்டிற்று. ஓமோன்களை அளந்த ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. சிலவற்றில் தெஸ்தெஸ்தரோன் குறைந்திருந்தது. சிலவற்றில் அது குறையாமலே கபச்சுரப்பியின் ஓமோன் உயர்ந்திருந்தது. பின்னையது, சோர்ந்த மாட்டை அடித்தடித்து வண்டியோட்டுவது போன்றது.

இனி ஒரு வழக்கைக் கேளுங்கள். 1982 இல் அமெரிக்காவின் ஜோன்சன் கன்ட்றோல்ஸ் என்னும் பற்றறிக் கம்பெனி, கருவுறக்கூடிய பெண்களை ஈய வேலையிலிருந்து விலக்கியது. சிசுவைக் காக்கவே என்றது. அதே கம்பெனியில் ஓர் ஆண் தொழிலாளி, தான் தந்தையாக விரும்புவதால் உடலிலுள்ள ஈயம் குறைய விடுப்புக் கேட்டார், மறுக்கப்பட்டது. 1991 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அவ்விதி சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்தது. ஈயம் ஆணையும் கெடுக்கும் என்பதற்குச் சான்றிருந்தும் கம்பெனி பெண்களை மாத்திரமே கருதியது என்றும் சுட்டிக்காட்டியது.

நம்மிடையேயும் பிள்ளையில்லாக் குறையை மனைவியின் தலையிற் கட்டுவதே வழக்கம். விரதமும் மருந்தும் அவளுக்கே. கணவன் பற்றறி உடைத்து ஈயம் உருக்குபவனா, பழைய பெயின்ற் சுரண்டுபவனா என்று கேட்பார் அரியர். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நின்றது. பழைய பற்றறிகளும் பழைய பெயின்ற் பூச்சும் இன்னும் நம்மிடையே உள்ளன.

ஆதலின், இத்தொழில் செய்யும் வாலிபரே! உண்ணுமுன் கை கழுவுங்கள். வேலையுடையோடு வீடு செல்லாதீர்கள். இரத்தத்திலுள்ள ஈயத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். பெரியோர்களே! பிள்ளையில்லா வீட்டில் மனைவியோடு கணவனும் சோதனைக்குச் செல்லுமாறு புத்தி சொல்லுங்கள். அது ஆண்மைக்கு இழுக்கன்று.