புல்வெட்டும் மெஷின்: எந்த இன்ஜின் நமக்கு உழைக்கும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் தோட்டக் கமிட்டி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவதாக இருப்பது ‘புதிய புல்வெட்டும் மெஷின் வாங்குதல்’. லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு வருவதால் இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் செலவாகப் போவது நாம் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணம். அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்கப் போவது நம் தோட்டக்காரர். ஆகவே பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். கமிட்டி இந்த வேலையைக் கொடுத்ததும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். மெஷினோடு வரும் கையேடுகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ரிப்பேர் செய்கிற இரண்டு பேரிடம் உட்கார்ந்து விவரம் கேட்டேன். தெரிந்ததை எனக்குப் பழக்கமான முறையில், கணக்காகச் சொல்கிறேன்.

பழைய மெஷின் கதை உங்களுக்குத் தெரியும். மூன்றாவது மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கார்புரேட்டர் இரண்டு தடவை கழற்றி மாட்டியாகிவிட்டது. கடைசியில் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் புகைய ஆரம்பித்தது. ‘பார்ட்ஸ் வராது சார்’ என்று சொல்லிவிட்டார்கள். எந்தக் கம்பெனி என்ற பேச்சு இப்போது வேண்டாம். ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் முக்கியம்.

முதல் கேள்வி: நமக்கு வருடத்துக்கு எத்தனை மணி நேர வேலை?

நம் மூன்று புல்வெளிகளும் சேர்த்துச் சுமார் 9,000 சதுர அடி. 21 அங்குல மோவர் முந்தைய வரிசையின் மேல் கொஞ்சம் ஏறித்தான் போகும். அதனால் ஒரு நடைக்கு ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். 9,000 சதுர அடிக்கு 6,000 அடி நடக்க வேண்டும். ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது, புல் பையைக் கொட்டுவது எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம். மழையும் அதன் ஈரமும் இருக்கிற ஆறு மாதம் வாரம் ஒருமுறை, மற்ற ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 39 தடவை. ஆக வருடத்துக்கு 50 மணி நேரம்.

இந்த 50 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான்.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 225 சிசிக்குக் குறைந்த இந்த வகை இன்ஜின்களை மூன்று படிகளாகப் பிரிக்கிறது: 125 மணி, 250 மணி, 500 மணி. இவ்வளவு மணி நேரம் ஓடிய பிறகும் புகை விதிக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். முதல் படி சாதாரண வீட்டு உபயோகம், மூன்றாவது தொழில்முறை உபயோகம். இதை இன்ஜினின் ஆயுள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தயாரிப்பவர் எவ்வளவு உழைப்பை மனத்தில் வைத்து அதைச் செய்தார் என்பதற்கு இது நல்ல அடையாளம்.

இப்போது 50ஆல் வகுத்துப் பாருங்கள். 125 மணி நமக்கு இரண்டரை வருடம். 250 மணி ஐந்து வருடம். 500 மணி பத்து வருடம். குளிர் நாடுகளில் பனிக்காலம் முழுக்க மோவர் ஷெட்டில் தூங்கும். நம் ஊரில் அதற்கு லீவே கிடையாது. வீட்டு உபயோகத்துக்கான இன்ஜினை வாங்கி அபார்ட்மென்ட் வேலை வாங்கினால் அது எப்படித் தாங்கும்?

இரண்டாவது கேள்வி: நல்ல இன்ஜினை எதை வைத்து அடையாளம் காண்பது?

கடைக்காரர் முதலில் சொல்வது குதிரைத்திறன். அதில் மயங்க வேண்டாம். அமெரிக்காவில் மோவர்களின் குதிரைத்திறனைக் கூட்டிச் சொன்னார்கள் என்று பெரிய வழக்கே நடந்து, 2010இல் சமரசத்தில் முடிந்தது. இப்போது பல தயாரிப்பாளர்கள் சிசியையும் டார்க்கையும்தான் போடுகிறார்கள். நம் 21 அங்குல மோவருக்கு 160 சிசியிலிருந்து 200 சிசி வரை போதும். அதற்கு மேல் போனால் பெட்ரோல் செலவுதான் கூடும்.

உள்ளே பார்க்க வேண்டியவை நான்கு.

ஒன்று, நான்கு ஸ்ட்ரோக்காக இருக்க வேண்டும், வால்வு சிலிண்டருக்கு மேலே இருக்கும் வகையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் வால்வு வைத்த பழைய அமைப்பைவிட இதில் சூடும் பெட்ரோல் செலவும் குறைவு.

இரண்டு, சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ். இந்த இன்ஜின்களின் உடம்பு அலுமினியம். பிஸ்டன் ரிங் நாள் முழுக்க உரசுவது நேரடியாக அலுமினியத்தில் என்றால் தேய்மானம் சீக்கிரம். உள்ளே இரும்பு ஸ்லீவ் இருந்தால் நீடிக்கும். கொட்டேஷனில் இதைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். உதாரணமாக ஹோண்டாவின் ஜிஎக்ஸ்வி 160, கவாஸாகியின் எஃப்ஜே 180 ஆகிய இரண்டும் இந்த ஸ்லீவோடு வருபவை. ஆனால் ஹோண்டா என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஜிஎக்ஸ்வி தொழில்முறை வரிசை, ஜிசிவி வீட்டு வரிசை. ஓர் எழுத்து மாறினால் இன்ஜினே வேறு. வங்கியில் ஒரே பெயரில் சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் இருப்பது மாதிரி. பெயர் ஒன்று, நிபந்தனைகள் வேறு வேறு.

மூன்று, ஏர் ஃபில்டர். நம் புல்வெளியில் புல்லோடு மண் தூசியும் கிளம்பும். இன்ஜினை அரித்துத் தின்பது அதுதான். வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் போதாது. வெளியே ஸ்பாஞ்ச், உள்ளே காகித ஃபில்டர் என்று இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது.

நான்கு, பெட்ரோலை மூடித் திறக்கும் குழாய். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் நம் ஊரில் கார்புரேட்டரைக் காப்பாற்றுவது அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி: நம் பெட்ரோலுக்கு அது ஒத்துவருமா?

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நான் பார்த்த கையேடுகளில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதி என்று போட்டிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் ஸ்கூட்டரில் பெட்ரோல் தேங்குவதில்லை. இரண்டு வாரம் சும்மா நிற்கும் மோவரில் தேங்கும். தண்ணீர் அடியில் இறங்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் துருவும் பிசுக்கும் சேரும். பழைய வகை ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பும். நம் பழைய மெஷினின் கார்புரேட்டரைத் திறந்தபோது மெக்கானிக் காட்டியது அதைத்தான்.

ஆகவே இரண்டு விஷயம். டீலரிடம் ‘20 சதவீத எத்தனாலுக்கு ஏற்றது’ என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதி வாரன்டி கிளெய்மில் செல்லாது. அடுத்து, ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும். கிண்ணம் காலியாகிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் டேங்கையும் காலி செய்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. கார்புரேட்டர் ரிப்பேர் செலவு மிச்சம்.

நான்காவது கேள்வி: ஐந்து வருடம் கழித்து பார்ட்ஸ் கிடைக்குமா?

இந்தத் தொழில் வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 2020இல் திவால் பாதுகாப்புக் கேட்டு, புது உரிமையாளர் கைக்குப் போனது. கோலர் கம்பெனியின் இன்ஜின் பிரிவு 2024இல் தனியாகப் பிரிந்து ரெல்கோ என்று பெயர் மாறியது. ஹோண்டா 2023இல் அமெரிக்காவில் பெட்ரோல் மோவர் தயாரிப்பை நிறுத்தியது, இன்ஜின் விற்பனையைத் தொடர்கிறது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பெரிய பெயர் இருந்தால் போதாது, நம் ஊரில் பார்ட்ஸ் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடையில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டர் கிட், பிளேடு. இந்த நான்கும் இன்று உங்கள் ஷெல்ஃபில் இருக்கிறதா, என்ன விலை? நான் மூன்று கடைகளிலும் கேட்டேன். ஒரு கடையில்தான் எடுத்துக் காட்டினார்கள். ‘ஆர்டர் போட்டால் வரும்’ என்ற பதில் எனக்குத் திருப்தி தரவில்லை.

வாரன்டி அட்டையையும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். வீட்டு உபயோகத்துக்கு ஒரு காலம், வணிக உபயோகத்துக்குக் குறைந்த காலம் என்று பலர் பிரித்திருப்பார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்துச் சங்கம் ஓட்டும் மெஷின் எந்தக் கணக்கில் வரும்? பில் சங்கத்தின் பெயரில்தான் போட வேண்டும். அப்படியானால் நமக்கு எத்தனை மாதம் என்பதையும் டீலர் எழுதித் தரட்டும்.

இப்போது பணம். ஒரு மெஷின் 25,000 ரூபாய், இரண்டரை வருடம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000. இன்னொன்று 60,000 ரூபாய், எட்டு வருடம். வருடத்துக்கு 7,500. இதில் ரிப்பேர் செலவையும், மெஷின் கடையில் கிடக்கும்போது வெளியாளை வைத்து வெட்டும் கூலியையும் நான் சேர்க்கவே இல்லை. ஆனால் ஒன்று. இரண்டாவது கணக்கு பலிக்க வேண்டுமென்றால் பராமரிப்பு ஒழுங்காக நடக்க வேண்டும். ஆயில் மாற்றாவிட்டால் 60,000 ரூபாய் மெஷினும் 25,000 ரூபாய் மெஷின் மாதிரிதான் போகும்.

இந்த இன்ஜினில் ஆயில் அரை லிட்டர் சொச்சம்தான். பெரும்பாலானவற்றில் ஆயில் ஃபில்டரும் கிடையாது. ஆகவே அளவும் சுத்தமும் முக்கியம். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் செய்யும் முன் அளவு பார்க்க வேண்டும். முதல் ஆயிலைக் கையேடு சொல்லும் மணியில் சீக்கிரமே மாற்ற வேண்டும். அதன் பிறகு 50 மணிக்கு ஒருமுறை, நம் கணக்கில் வருடம் ஒருமுறை. ஏர் ஃபில்டரை 25 மணிக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். குளிர்விக்கும் தகடுகளுக்கு இடையில் புல் அடைக்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதற்குக் காற்றைத் தவிர வேறு குளிர்ச்சி இல்லை. அடியில் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். இல்லையென்றால் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் போய்விடும்.

கடைசியாக ஒன்று. இதை விலைப் பட்டியலில் யாரும் போடுவதில்லை.

21 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நம் குழந்தைகள் விட்டுப்போகும் பந்தும், கல்லும், ஆணியும் அந்த வேகத்தில் வெளியே பறக்கும். கைப்பிடியை விட்டதும் மூன்று நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982 முதல் விதி இருக்கிறது. நாம் வாங்கும் மெஷினிலும் அந்த வசதி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் 8,000 ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். தோட்டக்காரரின் விரல் நம் சிக்கனக் கணக்கில் வரக் கூடாது. அந்தக் கைப்பிடி லீவரைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. நம் வளாகத்தில் அது நடந்தால் பார்த்தவர் உடனே சொல்ல வேண்டும்.

கல்லில் பிளேடு மோதினால் உடனே நிறுத்தி, ஸ்பார்க் ப்ளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் அடியில் கை வைக்க வேண்டும். மோதலில் கிராங்க் ஷாஃப்ட் வளைந்தால் இன்ஜினே போன மாதிரி. ஆகவே வெட்டும் நாளன்று காலையில் புல்வெளியில் கிடக்கும் பொருட்களை எடுத்து வைப்பதை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

கமிட்டியின் பரிந்துரைகள் மூன்று. வார்ப்பிரும்பு ஸ்லீவ் உள்ள, தொழில்முறை வகை, 160 முதல் 200 சிசி வரையுள்ள இன்ஜினோடு, கைப்பிடியை விட்டால் பிளேடு நிற்கும் மோவர் வாங்குவது. பார்ட்ஸ் கையில் வைத்திருக்கும் டீலரிடம் மட்டும் வாங்குவது. செக்யூரிட்டி அறையில் ஒரு லாக் புத்தகம் வைத்து, ஓடிய நேரம், ஆயில், ஃபில்டர் எல்லாவற்றையும் தேதியோடு எழுதுவது. தோட்டக்காரருக்குக் காது மூடியும் கெட்டியான ஷூவும் சங்கச் செலவில் தருவதும் இதில் அடக்கம். லாக் புத்தகத்தை மாதம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அது எனக்குப் பழகிய வேலை.

பேட்டரி மோவர் ஏன் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. சத்தமும் புகையும் இல்லை. ஒரு சின்னப் புல்வெளி மட்டும் இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். ஒன்றேகால் மணி நேரம் தொடர்ந்து ஓட்ட இரண்டு பேட்டரி வேண்டும், சில வருடங்களில் அவற்றை மாற்றவும் வேண்டும். அந்த விலையையும் கொட்டேஷனோடு இணைத்திருக்கிறோம். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து வாக்களியுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.