ஒரே பாடம், வேறு வேறு வகுப்பறை

பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி தேடுகிற வீடுகளுக்கு இன்று ஒரு தகவல். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், தன்னாட்சி பெற்றவை தவிர, மற்றவற்றில் ஒரே பாடத்திட்டம். ஒரே வினாத்தாள். அரிசி ஒன்றுதான், சமைக்கிற கைதான் வேறு. கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காட்டைப் பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. பாருங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். சாதாரண வேலைநாளில் நேரில் போங்கள். நுழைவாயில் வளைவை விடுங்கள், ஆய்வகத்துக்குப் போங்கள். கருவிகளில் மாணவர் கை பட்டிருக்கிறதா, உறை போட்டு மூடிக் கிடக்கிறதா? கேண்டீனில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். “சந்தேகம்னா சார் ரூமுக்குத் தைரியமாப் போவீங்களா? சீனியர்கள் எப்படி?” என்று கேளுங்கள். பதில் சொல்லுமுன் அக்கம்பக்கம் பார்க்கிறார்களா, அதையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு வருஷம் அங்கே இருக்கப்போவது அவர்தானே!