அயல்வீட்டுப் பிள்ளையும் காப்புறுதிப் பத்திரமும்

தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிட, பகற்பொழுதிற் பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்னும் வினா எந்த நாட்டிலும் எழுவதே. பாட்டியோ பெரியம்மாவோ அருகிலிருக்கும் குடும்பங்களில் அதற்கு விடை எளிது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலோ, அயலிலுள்ள பெண்மணி ஒருவர் தம் வீட்டையே பகற் பராமரிப்பு இல்லமாக்கி, அரசாங்க அனுமதிப்பத்திரம் பெற்று, கட்டணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது நன்கு வேரூன்றிய தொழிலாகும். சிறிய இல்லத்தில் எட்டுப் பிள்ளைகள் வரையும், உதவியாளரோடு நடக்கும் பெரிய இல்லத்திற் பதினான்கு பிள்ளைகள் வரையும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதைப் பொறுத்து இத்தொகை குறையும்.

அத்தகைய வீடொன்றில் ஒரு நாள் நிகழக்கூடியதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். பெண்மணி அடுப்படியில் ஒரு கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறார். பின்கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. இரண்டு வயதுப் பிள்ளையொன்று படியிலிருந்து தவறி விழுந்து, முழங்கைக்கு மேலே எலும்பு முறிகிறது. சத்திரசிகிச்சை வேண்டும். வளரும் எலும்பாதலால், கை கோணாமல் வளர்கிறதா என்று பின்னும் நெடுநாள் பார்க்கவேண்டும். அமெரிக்க வைத்தியசாலைகளின் செலவுப் பட்டியல் எத்தகையது என்பது உலகறிந்தது.

பிள்ளையின் பெற்றோர் நல்லவர். அப்பெண்மணி மேல் வழக்குத் தொடுக்கும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. அதனால் ஆபத்து நீங்கிற்று என்று கருதுவது தவறு. வைத்தியச் செலவைச் செலுத்திய நோய்க் காப்புறுதிக் கம்பனி, விபத்துக்குக் காரணமானவரிடமிருந்து அப்பணத்தைத் திரும்பப் பெற முயல்வதுண்டு. கம்பனிக்கு அயலுறவு என்பதொன்று இல்லை.

இந்நிலையில் அப்பெண்மணி முதலில் எடுத்துப் பார்ப்பது தம் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தையே. தீயாலும் திருட்டாலும் வரும் நட்டத்துக்கு மட்டுமன்றி, விருந்தினர் ஒருவர் வீட்டில் விழுந்து காயமுற்றால் அவருக்குக் கொடுக்கவேண்டிய நட்டஈட்டுக்கும் அதிற் பாதுகாப்பு உண்டு. ஆனால் கட்டணம் கொடுத்து விடப்பட்ட பிள்ளை விருந்தினர் அன்று, அது தொழிலின்பாற்படும். கலிபோர்னியாவின் காப்புறுதிச் சட்டம் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. பகற் பராமரிப்புத் தொழிலால் எழும் பொறுப்பைச் சாதாரண வீட்டுக் காப்புறுதி ஏற்பது பொதுக்கொள்கைக்கு மாறானது என்றும், தனிக் கட்டுப்பணம் அறவிடப்பட்ட தனிப் பத்திரமோ சேர்க்கைப் பத்திரமோ மட்டுமே அதனை ஏற்கலாம் என்றும் அது விதிக்கிறது. ஆண்டுதோறும் தவறாது கட்டுப்பணம் செலுத்தி வந்த ஒருவர் விபத்து நடந்த பின்னரே இதனை அறிவது மிகக் கொடிது. அறிந்துகொள்வதற்குரிய நாள், முதற் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முந்திய நாளாகும்.

இல்லத்தை நடத்துவோருக்குச் சட்டம் மூன்று வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. முதலாவது பொறுப்புக் காப்புறுதி. நடத்துபவரின் அல்லது அவருடைய பணியாளரின் கவனயீனத்தால் விளையும் காயங்களுக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு 100,000 டொலரும், ஓராண்டில் மொத்தம் 300,000 டொலரும் குறைந்த எல்லையாகும். இரண்டாவது 300,000 டொலருக்கான பிணைமுறி. மூன்றாவது வழிதான் பலரையும் ஈர்ப்பது, செலவில்லாததும் அதுவே. தமக்குக் காப்புறுதியும் பிணைமுறியும் இல்லையென்பது தமக்கு அறிவிக்கப்பட்டதாக ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரும் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசியைக் கோவையில் வைத்துக்கொள்ளுதல்.

இந்தச் சத்தியக்கடதாசியைப் பலர் ஒரு கவசமாகவே கருதிவிடுகின்றனர். “பெற்றோர் கையெழுத்திட்டுவிட்டனர், இனி ஒருவரும் கேட்கமுடியாது” என்பது அவர்களின் எண்ணம். அக்கடதாசி சொல்வது ஒன்றே: இங்கே காப்புறுதி இல்லை. வழக்கிடமாட்டோம் என்று அதில் எவரும் கூறவில்லை. உண்மையில் அதன் விளைவு நேர்மாறானது. காப்புறுதியுள்ள வீட்டில் விபத்து நேர்ந்தால் நட்டஈட்டைக் கம்பனி கொடுக்கும். கடதாசி மட்டுமே உள்ள வீட்டில் அப்பெண்மணியின் சேமிப்பும் வீடுமே அதற்குப் பொறுப்பாகும்.

சரி, வழக்கிடமாட்டோம் என்றே எழுதி வாங்கிக்கொண்டால் என்ன? நீதிமன்றங்கள் அதற்கும் விடை கூறியுள்ளன. நோயாளியிடம் அனுமதியின்போதே அத்தகைய உறுதிமொழியை வாங்கிய பல்கலைக்கழக வைத்தியசாலையொன்றின் வழக்கில், பொதுநலனைத் தொடும் இன்றியமையாச் சேவைகளில் இவ்வொப்பந்தம் செல்லாதென 1963ஆம் ஆண்டில் கலிபோர்னியா உயர்நீதிமன்றம் தீர்த்தது. நாற்பது ஆண்டுகளின் பின்னர், 2003இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் அதே நியாயத்தைப் பிள்ளைப் பராமரிப்புக்கும் பொருத்தியது. வேலைக்குப் போகவேண்டிய பெற்றோர், வைக்கப்படும் நிபந்தனையை மறுத்துப் பேரம்பேசும் நிலையில் இல்லை. ஆகவே தன் கவனயீனத்துக்கான பொறுப்பினின்று பராமரிப்பவர் கையெழுத்தொன்றால் விடுபட முடியாது. இத்தீர்ப்பு நியாயமானதென்றே கூறவேண்டும். விழுந்த பிள்ளையிடம் எவரும் கையெழுத்து வாங்கவில்லையல்லவா?

இனி, காப்புறுதி எடுக்கச் செல்பவர் பத்திரத்திற் பார்க்கவேண்டியது தொகையை மட்டுமன்று. வழக்கை எதிர்த்தாடும் செலவு அத்தொகைக்குப் புறம்பாகக் கொடுக்கப்படுமா, அதற்குள்ளேயே கழிக்கப்படுமா என்று கேட்கவேண்டும். சட்டத்தரணிகளின் கட்டணமே பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும். பிள்ளைகளைக் காரில் ஏற்றிச்செல்லும்போது நேரும் விபத்தை இப்பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. அதற்கு மோட்டார்க் காப்புறுதிக் கம்பனியிடம் தொழிலைச் சொல்லி வேறு ஏற்பாடு செய்யவேண்டும். வீட்டிலுள்ள நாயும் நீச்சற் குளமும் பல பத்திரங்களில் விலக்கப்பட்டிருக்கும். உதவியாளரைச் சம்பளத்துக்கு வைத்தால் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி வேறாக வேண்டும். கவனயீனம் எவரிடத்தும் இல்லாதபோதும் சிறு காயத்தின் வைத்தியச் செலவைக் கொடுக்கும் விபத்துக் காப்புறுதியொன்று உண்டு. அது பல மனக்கசப்புகளைத் தொடக்கத்திலேயே தடுப்பது.

வாடகை வீட்டில் இல்லம் நடத்துபவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காப்புறுதிப் பத்திரத்திற் தம் பெயரையும் சேர்க்குமாறு வீட்டுச் சொந்தக்காரர் எழுத்திற் கேட்கலாம். ஆனால் அதனாற் கூடும் கட்டுப்பணத்தை அவரே செலுத்தவேண்டும்; பெயரைச் சேர்ப்பதால் பத்திரம் இரத்தாவதும் கூடாது.

கம்பனிகள் இத்தொழிலைக் கண்டு அஞ்சிய காலமும் இருந்தது. 1983இல் மன்ஹற்றன் பீச் நகரத்துப் பாலர் பாடசாலையொன்றின் மேல் பாரிய குற்றச்சாட்டுகள் எழுந்து நாட்டையே கலக்கின. ஒருவரும் குற்றவாளியெனத் தீர்க்கப்படாமலே 1990இல் அவ்வழக்கு முடிவுற்றது. ஆனால் அதற்குள், அமெரிக்கா எங்கும் பொறுப்புக் காப்புறுதிக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவிய 1985, 1986ஆம் ஆண்டுகளில், ஒரு முறைப்பாடும் இல்லாத பராமரிப்பாளர் பலரின் பத்திரங்கள் இரத்துச் செய்யப்பட்டன; எஞ்சியோரின் கட்டுப்பணம் பன்மடங்காயிற்று. இன்று கலிபோர்னியாவில், பகற் பராமரிப்பு அனுமதிப்பத்திரம் இருப்பதொன்றை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவரின் வீட்டுக் காப்புறுதியை இரத்துச் செய்யச் சட்டம் இடங்கொடாது. ஆகவே தொழிலைக் கம்பனிக்கு ஒளிப்பதில் ஆதாயமில்லை. ஒளித்ததே பின்னர் கோரிக்கையை மறுப்பதற்குக் காரணமாகலாம்.

காலத்தைப் பற்றிய செய்தியொன்று எஞ்சியிருக்கிறது. உடற்காயத்துக்கு வழக்கிட வளர்ந்தோருக்கு இரண்டு ஆண்டுகளே தவணை. பிள்ளைக்கோ அந்த இரண்டு ஆண்டுகள் பதினெட்டு வயது நிறைந்த பின்னரே ஓடத் தொடங்கும். எனவே இரண்டு வயதில் விழுந்த பிள்ளை தன் இருபதாவது பிறந்தநாள் வரை வழக்கிடலாம். அதற்குள் அப்பெண்மணி தொழிலை விட்டிருப்பார், கம்பனியையும் மாற்றியிருப்பார். பத்திரங்கள் இருவகை. ஒன்று, விபத்து நிகழ்ந்த நாளில் நடைமுறையிலிருந்தாற் போதும், கோரிக்கை எப்போது வரினும் ஏற்பது. மற்றது, கோரிக்கை வரும் நாளிலும் நடைமுறையில் இருந்தாலன்றி ஏற்காதது. கட்டுப்பணம் குறைவென்று இரண்டாவதை எடுக்குமுன், தாம் எவ்வகைப் பத்திரத்தை வாங்குகிறார் என்பதை முகவரிடம் எழுத்திற் கேட்டு, அவ்விடையையும், பழைய பத்திரங்கள் அனைத்தையும், எந்தப் பிள்ளை எந்த நாளில் இல்லத்திலிருந்தது என்ற பதிவேட்டையும், தாம் பார்த்த பிள்ளைகளுள் இளையதற்கு இருபது வயது நிறையும் வரை ஒரு பெட்டியில் வைத்திருக்கவேண்டும்.