லாபக் கோடும் பணக் கோடும்

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "எந்தப் பங்கு வாங்கலாம் சார்?" என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நீங்கள் பணம் போட்டிருக்கும் நிறுவனம் எந்தத் திசையில் போகிறது என்பதை நீங்களே வரைந்து பார்க்க என்ன வசதிகள் இருக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

வங்கியில் கடன் பிரிவில் நான் இருந்தபோது, கடன் கேட்டு வரும் கம்பெனிகளின் மூன்று வருடக் கணக்கை ஒரு நீளத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவது என் வேலை. நிரப்பிக் கொடுத்ததும் மேனேஜர் அதைக் குறுக்காகத்தான் படிப்பார். விற்பனை ஏறுகிறதா, சரக்கு தேங்குகிறதா, பாக்கி வசூலாகிறதா? ஒரே ஒரு வருடக் கணக்கை வைத்து அவர் முடிவு சொல்லி நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 3 லட்சத்தை, ஒப்பந்த வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தின் பங்கில் போட்டேன். பெயர் வேண்டாம். ஆண்டறிக்கையின் முதல் பக்கங்களில் வண்ணப் படங்கள்: விற்பனை ஏறுகிறது, லாபம் ஏறுகிறது. அதைப் பார்த்து நம்பினேன். நான்கே வருடத்தில் போட்ட பணம் 40 ஆயிரமாகச் சுருங்கியது. "ஊரார் கணக்கையெல்லாம் பார்த்தீங்க, நம்ம பணத்துக்குப் பார்க்கலையே" என்றாள் என் மனைவி.

அதன் பிறகுதான் அதே ஆண்டறிக்கைகளின் பின்பக்கங்களைப் புரட்டினேன். லாபத்துக்குப் பக்கத்தில், தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த பணத்தையும் எழுதி இரண்டு கோடு போட்டேன். லாபக் கோடு ஏறிக்கொண்டே போனது. பணக் கோடு ஐந்து வருடத்தில் மூன்று வருடம் பூஜ்யத்துக்குக் கீழே கிடந்தது. நடுவில் இருந்த பள்ளத்தைக் கடன் வாங்கி நிரப்பியிருந்தார்கள். எல்லாம் அச்சிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

இது எப்படி என்று கேட்பீர்கள். நம் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கு பில் போட்டதுமே அது வருமானம் என்று கணக்கில் ஏறிவிடும். ஆனால் வசூலானால்தான் செக்யூரிட்டிக்குச் சம்பளம் கொடுக்க முடியும். கம்பெனிக்கும் அதே கதைதான்.

இனி கருவிகள். நீளத் தாள் இப்போது தேவையில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிவை 45 நாட்களுக்குள்ளும், முழு ஆண்டு முடிவை 60 நாட்களுக்குள்ளும் சந்தைக்குத் தரவேண்டும். மும்பைப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இரண்டின் இணையதளங்களிலும் ஆண்டறிக்கைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இதுதான் மூலம்.

ஒவ்வொரு அறிக்கையாகத் திறந்து எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஸ்கிரீனர் என்ற இணையதளம் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தட்டினால் பத்து வருடத்து லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்பாய்வு மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் அப்படியே எக்செலில் இறக்கிக்கொள்ளலாம். எக்செல் இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸ் போதும். தேவையான வரிசைகளைத் தேர்ந்தெடுத்து, கோட்டு வரைபடம் என்று கேட்டால் அதுவே வரைந்து தரும்.

ஐந்து கோடு போதும்: விற்பனை, நிகர லாபம், தொழில் நடவடிக்கைகளிலிருந்து வந்த பணம், மொத்தக் கடன், வரவேண்டிய பாக்கி. துணை நிறுவனங்கள் இருந்தால் ஒருங்கிணைந்த கணக்கையே எடுங்கள். தாய் நிறுவனத்தின் கணக்கை மட்டும் பார்த்தால் துணை நிறுவனத்தின் கடன் கண்ணில் படாது.

கோடு திடீரென்று வளைந்தால் உடனே பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம். கணக்கு விதி மாறியிருக்கலாம். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் உற்பத்தி நிறுவனங்களின் விற்பனைத் தொகையில் எக்சைஸ் வரியும் சேர்ந்திருந்தது, ஜி.எஸ்.டி. அதில் சேராது. அதனால் வியாபாரம் குறையாமலே விற்பனைக் கோடு இறங்கியதாகத் தெரியும். 2019 ஏப்ரல் முதல் குத்தகைக்கான விதி மாறியது. வாடகைக் கடைகள் நிறைய வைத்திருக்கும் நிறுவனங்களில் கடன் கூடியது போலவும், பணக் கோடு தேறியது போலவும் தெரியும். பங்கொன்றுக்கான லாபத்தை வரைபவர்கள் போனஸ் பங்கைக் கவனிக்க வேண்டும். 2018-ல் டி.சி.எஸ். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. பழைய அறிக்கையில் உள்ள எண்ணைப் பாதியாக்காமல் வரைந்தால் லாபம் சரிந்தது போலத் தோன்றும்.

வங்கி, நிதி நிறுவனங்களுக்கு இந்தப் பணக் கோடு பொருந்தாது. கடன் கொடுப்பதே அவர்கள் தொழில் என்பதால், வளர்கிற காலத்தில் பணம் வெளியே போவது இயல்பு. அங்கே மொத்த வாராக்கடன் விகிதத்தை வரையுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. எண்ணே பொய்யானால் கோடும் பொய்தான். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனம் 2008 செப்டம்பர் கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டியிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே 2009 ஜனவரி 7-ம் தேதி கடிதத்தில் எழுதினார். வங்கி இருப்பையே பொய்யாக எழுதினால் நம் வரைபடம் என்ன செய்யும்? ஆகவே ஒரே நிறுவனத்தில் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் போடாதீர்கள். அதற்கு மாற்றுக் கருவி எதுவும் கிடையாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், ஏற்கெனவே கையில் இருக்கும் ஒரு பங்கை எடுத்து இந்த வாரமே லாபக் கோட்டையும் பணக் கோட்டையும் வரைந்து பாருங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டும் சேர்ந்தே நடந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பிரிந்து நடந்தால், ஏன் என்று ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் தேடுங்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டலாம். காபி உண்டு, டிப்ஸ் கிடையாது.