எதிர்வரிசைக்கு எத்தனை அடி?
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கட்சி மாறியவர் ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். உங்கள் மனத்தில் ஓடும் முகங்கள் எனக்கும் தெரியும். இன்று அவர்களை விட்டுவிடுவோம். நான் எடுத்துக்கொண்டவர் வின்ஸ்டன் சர்ச்சில்.

பிரிட்டனின் காமன்ஸ் சபையில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் அமர்கின்றன. இடையில் இருப்பது சில அடி தூரம்தான். 1904 மே 31 அன்று, கன்சர்வேட்டிவ் கட்சியின் 29 வயது உறுப்பினர் சர்ச்சில் உள்ளே வந்தார். இரு பக்கமும் ஒருமுறை பார்த்தார். சபாநாயகருக்குத் தலைவணங்கினார். பிறகு தம் கட்சியினர் இருந்த பக்கம் போகாமல், எதிர்ப்பக்கம் திரும்பி, லிபரல் கட்சியின் லாயிட் ஜார்ஜ் அருகில் போய் அமர்ந்தார். அவருடைய தந்தை ராண்டால்ஃப் சர்ச்சில் எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் அமர்ந்த இடம் அது.

காரணம் என்ன? 1903 மே மாதம் பர்மிங்காமில் பேசிய அமைச்சர் ஜோசப் சேம்பர்லின், பேரரசுக்கு வெளியிலிருந்து வரும் பொருள்களுக்கு வரி போட வேண்டும் என்ற வாதத்தைக் கிளப்பினார். சர்ச்சிலின் தொகுதி ஓல்டம், லங்காஷயரின் பஞ்சாலை நகரம். கடல் கடந்து வரும் பஞ்சில் நூல் நூற்று, கடல் கடந்த சந்தையில் துணி விற்றுப் பிழைத்த ஊர். தடையற்ற வணிகம் அங்கே கொள்கை மட்டுமல்ல, சோறும்கூட. சர்ச்சில் அந்த வரியை எதிர்த்தார். ஆனாலும் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் அவர்மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டார்கள். பதவி விலகத் தயார் என்றார். இடைத்தேர்தலுக்கு அவர்கள் துணியவில்லை. அதே தொகுதியின் உறுப்பினராகவே 1906 பொதுத்தேர்தல் வரை இருந்தார்.

கொள்கைக்காகப் போனார் என்பது உண்மை. போன இடத்தில் பதவி காத்திருந்தது என்பதும் உண்மை. 1905 இறுதியில் துணை அமைச்சர். 1908இல், 33 வயதில், கேபினட் அமைச்சர். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கிறவர் வரலாறு எழுதவில்லை, வழக்காடுகிறார்.

கன்சர்வேட்டிவ் கட்சிக்கே திரும்பிய கதை இதைவிடச் சுவையானது. 1922 தேர்தலின்போது குடல்வால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். அப்போது அவருடைய தொகுதியாக இருந்த டண்டீ கைவிட்டது. 1923இல் லெஸ்டரில் லிபரலாக நின்று தோற்றார். 1924 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்று 43 வாக்கில் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில், கன்சர்வேட்டிவ் ஆதரவோடு, 'அரசமைப்புவாதி' என்ற பெயரில் எப்பிங்கில் வென்றார். அடுத்த மாதமே நிதியமைச்சர்! மறு ஆண்டுதான் முறைப்படி கட்சியில் சேர்ந்தார். முதலில் நாற்காலி, பிறகு உறுப்பினர் சீட்டு.

அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. காப்பு வரியை முன்வைத்து 1923இல் தோற்ற கன்சர்வேட்டிவ் தலைவர் பால்ட்வின், அந்தத் திட்டத்தைக் கைவிட்டிருந்தார். நான் நின்ற இடத்துக்குக் கட்சி வந்தது என்று சர்ச்சில் சொல்லியிருக்கலாம். ஆனால் 1925இல் அவர் போட்ட முதல் வரவு செலவுத் திட்டமே, முந்தைய லேபர் அரசு நீக்கியிருந்த மோட்டார் கார் இறக்குமதி வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. எந்த வரியை எதிர்த்து வீட்டைவிட்டுப் போனாரோ, அதன் உறவுமுறை வரியைத் தம் கையாலேயே போட்டார்.

கட்சி மாறியவரை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு இதுதான்: போகும்போது சொன்ன காரணம், வந்து சேர்ந்த இடத்தில் என்ன ஆயிற்று? சர்ச்சிலின் முதல் மாற்றம் இந்தத் தராசில் நிற்கிறது. இரண்டாவது, தட்டில் ஆடுகிறது.

கட்சி மாறியதற்கான விலையை அவர் நெடுநாள் கொடுத்தார். 1940 மே 13 அன்று, பிரதமராகி முதன்முறை அவைக்கு வந்தார். பதவியிழந்த முந்தைய பிரதமர் நெவில் சேம்பர்லின் நுழைந்தபோது கன்சர்வேட்டிவ் வரிசைகள் ஆர்ப்பரித்தன. சர்ச்சிலை வரவேற்ற குரல்கள் பெரும்பாலும் லேபர் பக்கத்திலிருந்து வந்தன. முப்பத்தாறு ஆண்டுக்கு முன் அவர் நடந்த அந்தச் சில அடிகளைச் சொந்தக் கட்சியின் இருக்கைகள் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தன.